நானூற்றுப் பதினேழின் கடைசி நாள்

அத்தியாயம் ஒன்பது

ராட்னி நீமியின் தலையில் ஆரஞ்சுத் தொப்பி ஏறி இரண்டே முக்கால் வருஷம் ஆகிறது. அதோடுதான் குளிக்கிறார், அதோடுதான் தூங்குகிறார், முடிவெட்டுகிறவன் அதைச் சுற்றித்தான் வெட்டுகிறான் என்று பட்டறையில் பேச்சு. சர்ச்சில் பாதிரியார் முறைத்தால் ஓர் அங்குலம் தூக்குவார். முறைப்பு நின்றதும் இறக்கிவிடுவார். முழுசாகக் கழற்றியது ஒரே ஒரு முறை, ஒரு மே மாதக் காலையில். ஜனவரியில் செத்துப்போன மகன் ட்ராயை, பனியில் உறைந்த நிலம் இளகும்வரை காத்திருந்து குழிக்குள் இறக்கிய அன்று.

அந்தத் தொப்பிக்காரர் பதினோரு நாளாகப் பெற்ற மகளுக்கே கண்ணாமூச்சி காட்டிக்கொண்டிருந்தார்.

மகள் கேரின் அப்படி என்ன கேட்டுவிட்டாள்? ஏரியை இறைக்கச் சொன்னாளா? சாலையில் பனி தள்ளுகிற பிளேடு செய்யும், அப்பாவும் மகளும் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் புது சிஸ்டம் வருகிறது. ஆர்டர் பிடிப்பது, இரும்பு வாங்குவது, யார் எத்தனை மணிக்கு எந்த மெஷினில் நின்றார், எந்த லாரியில் எது ஏறியது, எல்லாமே இனி ஒரே திரையில். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பழையதை மூடிவிடுவார்கள். நூற்று அறுபத்து மூன்று பேருக்கும் அதைக் கற்றுக்கொடுக்கிற பாரம், திட்டப் பிரிவில் இருக்கும் கேரின் தலையில்.

சிகாகோவிலிருந்து வந்த ஆலோசகர்கள் நாள் குறித்த அழகைத்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மான் வேட்டைக் காலம் தொடங்குகிற நாள். ஆல்டர் ஹார்பரில் அன்றைக்குக் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். அதற்கு முந்தின நாள் கடைசிப் பயிற்சி வகுப்பு! உட்கார்ந்திருந்தவர்களின் உடம்புதான் வகுப்பில் இருந்தது. உயிர் முந்தாநாளே துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

அதையெல்லாம்கூட கேரின் சமாளித்துவிட்டாள். சமாளிக்க முடியாதது ஒரே ஒரு வரி.

பழைய சிஸ்டத்திலிருந்து ஆட்களின் பட்டியல் புதியதற்கு நகர வேண்டும். நூற்று அறுபத்து நான்கு வரிகள். நூற்று அறுபத்து மூன்று பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. எண் 417, ட்ராய் நீமி, இரும்பை வளைக்கிற பிரஸ் பிரிவு. 'வேலையில் இருக்கிறார்' என்கிறது பட்டியல். 'கடைசி வேலை நாள்' என்ற கட்டம் காலியாகக் கிடக்கிறது. அதை நிரப்பும் அதிகாரம் ஃபோர்மன் ஒருவருக்குத்தான். ஃபோர்மன், ராட்னி நீமி. கட்டம் நிரம்பாமல் பட்டியல் நகராது. பட்டியல் நகராவிட்டால் திங்களன்று ஒருவராலும் ஒரு ஆணியைக்கூடப் பதிய முடியாது.

திங்கட்கிழமை கூப்பிட்டாள், அப்பா பெயின்ட் அறைக்குள் புகுந்துகொண்டார். புதன்கிழமை கூப்பிட்டாள், கூரை ஒழுகுகிறது என்று ஏணியில் ஏறியவர் மத்தியானம்வரை இறங்கவில்லை. நேற்று பல்வலி என்றார். அவர் வாயில் மிச்சமிருக்கும் பற்களை எண்ண ஒரு கை விரல் போதும்.

கெடு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. இன்று வெள்ளி.

*

"ஏம்மா கேரின், இந்தப் பொட்டி என்னைப் பாத்து முறைக்குது."

"முறைக்கலை லெராய். பாஸ்வேர்டு கேக்குது."

"நாப்பத்தோரு வருஷமா இந்த வாசல்ல நுழையறேன். நீ யாருன்னு ஒருத்தன் கேட்டதில்ல. இதுக்கு என்ன திமிரு பாரு."

"அடிங்க லெராய்."

"அடிச்சா நட்சத்திரமா வருது. நான் அடிச்சது எங்க போச்சு?"

"உள்ள இருக்கு. அடுத்தவங்க பாக்கக் கூடாதுன்னு மறைச்சு வெச்சிருக்கு."

"எனக்கே தெரியாம மறைச்சு வெச்சா அது எனக்கு எதுக்கு?"

கேன்டீனில் சாப்பாட்டு மேஜைகளை ஒதுக்கி இருபது கம்ப்யூட்டர்களை வைத்திருந்தார்கள். லெராய் டூபே வெல்டர். அவருடைய விரல் ஒவ்வொன்றும் மண்வெட்டிக் காம்பு பருமன். ஒன்றை வைத்தால் மூன்று எழுத்து விழும். அவருக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்று, அவர் திரையைத்தான் கேரின் சுவரில் பெரிதாகத் தெரியும்படி செய்திருந்தாள்.

முன் வரிசையில் கிறிஸ்டா. டெஸ்பாட்சில் வேலை. ட்ராயின் மனைவி, கேரினின் தம்பி மனைவி. கடைசி வரிசையில், கதவுக்கு மிக அருகில், எந்த நிமிஷமும் எழுந்து ஓடத் தோதாக, ஆரஞ்சுத் தொப்பி.

"அடுத்து, கெட்டுப்போன சாமானை எப்படிப் பதியறதுன்னு பாக்கலாம்" என்றாள் கேரின். "இது வெறும் பயிற்சிப் பிரதி. என்ன தப்பு பண்ணினாலும் ஒண்ணும் ஆகாது. லெராய், ஒரு பட்டையைக் கோணலா வெல்டு பண்ணிட்டீங்கன்னு வெச்சுக்குங்க."

"நானா?"

வகுப்பு சிரித்தது.

"வெச்சுக்குங்க. சாமான் நம்பர் அடிங்க. சரி. என்ன கோளாறுன்னு அடிங்க. சரி. இப்ப யார் செஞ்சதுன்னு கேக்கும். நம்பரைப் போடுங்க."

லெராய் விரலைத் தூக்கினார். நான்கு. ஒன்று. ஏழு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய சிஸ்டத்தில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. யார் நம்பரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ட்ராய் இருந்த காலத்தில், கெட்டுப்போன சாமானோடு முழிக்கிற எவனைப் பார்த்தாலும் முதுகில் தட்டுவான். "என் தலைல போடுப்பா. ஃபோர்மன் மகனை எவன் வேலையைவிட்டுத் தூக்கப்போறான்?" அவன் போன பிறகும் பழக்கம் போகவில்லை. லெராய்க்கு அது சிலுவைக்குறி போட்டுக்கொள்கிற மாதிரி. விரல் தானாகப் போகும். செத்த பிறகு ட்ராய் கணக்கில் உடைந்த துளைமுனைகளை வைத்து, ஊரைச் சுற்றி மூடிக்கிடக்கும் செம்புச் சுரங்கங்கள் அத்தனையையும் மறுபடி தோண்டிவிடலாம்.

பழைய சிஸ்டம் மூன்று இலக்கத்தை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். புதியது அப்படி இல்லை. யார் என்று படம் போட்டுக் காட்டும்.

சுவர் முழுக்க ட்ராய் வந்து நின்றான்.

தரையிலிருந்து கூரைவரை ட்ராய். அடையாள அட்டைக்கு எடுத்த படம். தொப்பியைக் கழற்றச் சொல்லியும் கழற்றாமல், சிரிக்காதே என்று சொல்லியும் சிரித்து. ஆரஞ்சுத் தொப்பி, முன்மடிப்பில் வெல்டிங் பொறி பட்டுக் கருகிய ஓட்டை ஒன்று.

இருபது பேரில் ஒருவர்கூடக் கடைசி வரிசைத் தொப்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அங்கேயும் அதே ஓட்டை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"கை தானாப் போயிடுச்சும்மா." லெராய் விரலை மடக்கிக்கொண்டார். "கிறிஸ்டா... சத்தியமா, கை தானா..."

கிறிஸ்டா எழுந்தாள். கோட்டை எடுத்துக்கொண்டாள்.

"உங்க மேல என்ன தப்பு லெராய். ஊர்ல எல்லாத் தப்பையும் அவன்தானே ஏத்துக்கிட்டான். சொந்தமா செஞ்சது ஒண்ணே ஒண்ணு. அதுலயே போய்ச் சேந்தான்."

அவள் வெளியே போனாள். கேரின் ஓடிப்போய்த் திரையை அணைத்தாள். நிமிர்ந்தபோது கடைசி வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

*

அந்த ஒரே ஒரு தப்பு எது என்று போன வாரங்களில் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்காக இன்னொரு முறை.

பனி தள்ளும் பிளேடில் இரண்டு வகை. வலப்பக்கம் தள்ளுவது, வண்டிகள் வலது ஓரமாகப் போகிற ஊர்ச் சாலைக்கு. இடப்பக்கம் தள்ளுவது விமான நிலையத்துக்கு. மாற்றிப் பூட்டினால் ஊர்ப் பனி மொத்தமும் எதிரே வருகிறவன் மடியில் விழும். எது வலம், எது இடம் என்பதில்தான் வில்லங்கம். பிளேடுக்கு எதிரில் நின்று பார்த்தால் ஒன்று. வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தால் அதற்கு நேர்மாறு. அதற்காகவே பட்டறைச் சுவரில் ராட்னி தன் கையால், ஆள் உயர எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: ஓட்டுகிறவன் இருக்கையில் உட்கார்ந்து பார்.

அந்த ஜனவரியில் த்ரீ பைன்ஸ் ஊராட்சிக்கு அவசரமாகப் போன பிளேடு இடப்பக்கத்தது. மறுநாள் பனிப்புயல். ஊராட்சியின் ஒரே வண்டி பிளேடு இல்லாமல் கொட்டகையில் நின்றது. ட்ராய் கிறிஸ்டாவுக்குப் போன் செய்தான். "நான்தான் தப்பா வளைச்சுட்டேன். சரியானதை நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்." பிக்கப்பில் புது பிளேடை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் போனவன் வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தான். சாலையில் முழங்கால் ஆழம் பனி. அதைத் தள்ள வேண்டிய வண்டி, அவன் கொண்டுவரும் பிளேடுக்காகத்தான் காத்திருந்தது.

கிறிஸ்டா அன்றிலிருந்து அழவில்லை. கோபப்பட்டாள். மே மாதத்துக்குப் பிறகு கல்லறைப் பக்கம் போகவில்லை. அந்த மலைச்சாலையை மிதிக்காமலிருக்கப் பதினைந்து மைல் சுற்றிக்கொண்டு போகிறாள்.

*

மத்தியானம் கேரின், கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டி இரண்டை எடுத்துக்கொண்டு டெஸ்பாட்ச் அறைக்குப் போனாள். வெளியே இந்த வருஷத்தின் முதல் பனி, வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து விழுந்துகொண்டிருந்தது.

"கோபமா?"

"உன் மேலயா? எனக்கென்ன பைத்தியமா?" கிறிஸ்டா பேஸ்டியைப் பிட்டாள். "கெட்சப் இல்லையா?"

"கிரேவிதான் இருக்கு."

"கிரேவி ஊத்தித் தின்றவங்களை எல்லாம் ஊரைவிட்டே, பாலத்துக்கு அந்தப் பக்கம் துரத்தணும்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "காலைல நோரா ஒரு கால்ல சிவப்புச் சாக்ஸ், ஒரு கால்ல நீலச் சாக்ஸ் போட்டுக்கிட்டு நிக்கறா. 'ரெண்டு தடவை பாருடி, உங்கப்பன் மாதிரி ஆயிடாதே'ன்னேன்."

"கிறிஸ்டா. ஏழு வயசுக் குழந்தைகிட்ட அப்படிச் சொல்லாதே."

"வேற என்ன சொல்ல? வீரமாச் செத்தான்னா? கண்ணைத் தொறந்து ஒரு தடவை பிளேடு படத்தைப் பாத்திருந்தா இன்னிக்கு அவதான் அவன் தோள்மேல உக்காந்திருப்பா." காகிதத்தைக் கசக்கினாள். "அப்பா இருக்கற எடத்துல நான் இதைச் சொன்னா எழுந்து வெளிய போயிடறார். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுலகூட. பாதித் தட்டோட. மகனைக் குறை சொன்னா பொறுக்கலை அவருக்கு. பாவம்."

கல்யாணமான நாளிலிருந்து மாமனாரை அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குச் சொந்தத்தில் அப்படி ஒருவர் இருந்ததில்லை.

"இன்னிக்கு அந்த வரியை மூடிடுவாரா?" என்று கேட்டாள்.

"தெரியலை."

"மூடச் சொல்லு. அவனும் போகட்டும். நாங்களும் போறோம்."

*

மூன்றேகால் மணிக்கு ராட்னி தானாகவே வந்தார். கேன்டீனில் கேரினைத் தவிர ஒருவரும் இல்லை. வகுப்பு முடிந்த அரை நிமிஷத்தில் கார் நிறுத்துமிடமே காட்டுக்குக் கிளம்பிவிட்டது. பட்டறையில் இரண்டாம் ஷிஃப்டின் ஒற்றை பிரஸ் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"பல்வலி எப்படி இருக்கு?"

"எந்தப் பல்லு?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு துளைகூடத் தப்பாகப் போட்டதில்லை என்று பெயர் வாங்கிய கை, மவுஸை உயிருள்ள தவளையைப் பிடிப்பதுபோலப் பிடித்தது.

"சிவப்பு வரியைத் தொடுங்க. ஆமா. இப்பக் கடைசி வேலை நாள். பதினேழு, ஒண்ணு..."

"தேதி எனக்குத் தெரியும் கேரின்."

அடித்தார். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு, உறுதி செய்யும் முன் சரிபார்க்கவும் என்று, அந்தத் தேதிவரை 417 செய்த கடைசிப் பத்து வேலைகளை வரிசையாகக் காட்டியது. நாள், நேரம், சாமான், எந்த டெர்மினல், அதாவது எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பதிந்தது என்பதுவரை. பழைய சிஸ்டத்துக்கு அந்தக் கடைசி விஷயம் தெரியும். வாயைத் திறந்து சொன்னதே இல்லை.

கேரின் பழக்கத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஒன்றில் கண் நின்றுவிட்டது.

ஜனவரி பதினாறு. காலை 11.20. பிளேடு வளைத்தல், த்ரீ பைன்ஸ் ஊராட்சி. ஆள் 417. டெர்மினல் 3.

பிரஸ் பிரிவின் டெர்மினல் ஒன்பது. மூன்று, ஃபோர்மன் மேஜையில் இருப்பது.

"அப்பா."

அவர் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

"அப்பா, பதினாறாம் தேதி பதினொண்ணு இருபதுக்கு ட்ராய் இங்க இல்லை. என் வீட்ல இருந்தான். எனக்கு நாப்பது ஆன நாள். கடைல வாங்கின கேக்கைக் கவுத்துப்போட்டுக் கொண்டுவந்தான். என் பேரு மூடியில ஒட்டிக்கிட்டு வந்துச்சு. சிரிச்சுச் சிரிச்சு... ஒரு மணிவரைக்கும் இருந்தான்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"என்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தான். அவசர ஆர்டர், மேல லீவு கேட்டா குடுக்கமாட்டாங்க. 'நீ போடா, அக்காவுக்கு ஒரே ஒரு நாப்பது, உன் வேலையை நான் பாத்துக்கறேன்'னேன். அவன் இல்லாதது தெரியக் கூடாதேன்னு அவன் நம்பரையே போட்டேன்." தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். "பிரஸ்ல நின்னு எனக்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்துச்சு. படத்தை... எதிர்ல நின்னு பாத்துட்டேன், கேரின்."

ஆள் உயர எழுத்து சுவரில் இருந்தது. எழுதியவர் அதற்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறார்.

கேரினுக்குக் கேக்கின் ருசி நாக்கில் வந்து நின்றது. இன்னொரு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போடா என்று அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தது அவள்தான். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியவனை ஒரு மணிவரை. அவன் உயிரோடு தன்னுடன் இருந்த கடைசி மூன்று மணி நேரம் என்று, இரண்டே முக்கால் வருஷமாக அதை யாருக்கும் தராமல் வைத்திருந்தாள். அதன் அடியில் இது இருந்திருக்கிறது.

"ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் போனேன். தப்புன்னு தெரிஞ்ச உடனே மேல சொல்லக் கெளம்பினேன். அவன் அதுக்குள்ள பிக்கப் சாவியை எடுத்துட்டான். 'முப்பத்தஞ்சு வருஷத்துல உங்களுக்கு ஒரு தப்பு கெடையாது. இப்ப எதுக்குக் கெடுத்துக்கறீங்க? என் தலைல போடுங்க'ன்னு சிரிச்சான்." உதடு கோணியது. "போட்டுட்டேன்."

பிரஸ் தட்டிக்கொண்டிருந்தது.

"அதுக்கப்புறமாவது..."

"அப்புறம் போலீஸ்காரன் வந்தான். பாதிரி வந்தார். அப்புறம் பாத்தா கிறிஸ்டா கோபமா இருக்கா. அந்தக் கோபத்துலதான் நின்னுக்கிட்டிருந்தா. அதைப் பிடுங்கிட்டா விழுந்துடுவாளேன்னு நெனச்சேன்." தலையை ஆட்டினார். "இல்ல. அதுவும் பொய். பயம். என்னை அப்பான்னு கூப்பிடறதை நிறுத்திடுவாளோன்னு பயம்."

கேரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பதினோரு நாளா ஓடினது..."

"உன் பயிற்சிப் புஸ்தகம் முப்பத்தோராம் பக்கம். பழைய வேலை எல்லாம் டெர்மினல் நம்பரோட தெரியும்னு போட்டிருக்கே."

"புஸ்தகத்தைத் தொறந்தே பாக்கலைன்னு சொன்னீங்க!"

"மூணு தடவை படிச்சேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. திரையில் அந்த வரிமீது விரலை வைத்தார்.

"இதை என் நம்பருக்கு மாத்த முடியுமா? நூத்துப் பன்னெண்டு."

"முடியாதுப்பா. பழசு எல்லாம் பூட்டித்தான் வரும். பாக்கலாம், மாத்த முடியாது."

"அழிக்க?"

"முடியாது."

"என்ன எழவு சிஸ்டம்மா இது."

"ஒரு குறிப்பு சேக்கலாம்" என்றாள் மெதுவாக. "ஏழாம் பயிற்சி. நீங்க கூரைமேல உக்காந்திருந்த அன்னிக்கு நடத்தினது."

"சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தாள். வரியைத் தொடுங்கள், வலது ஓரத்தில் மடித்த காகிதம் மாதிரி ஒரு படம், அதைத் தொட்டால் காலிக் கட்டம் ஒன்று திறக்கும். நூற்று அறுபத்து மூன்று பேருக்குச் சொல்லித் தந்ததிலேயே மெதுவான பாடம் அதுதான். அவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடினார். கிடைத்ததும் அதைச் சுத்தியலால் அடிப்பதுபோல அடித்தார். நடுவில் ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் உதவவில்லை. உதவக் கூடாது என்று தோன்றியது.

பனி ஜன்னல் விளிம்பில் ஒரு விரற்கடை ஏறியது.

'இந்த பிளேடைத் தப்பாக வளைத்தது 112. அன்று 417 இங்கே இல்லை. அவன் அக்கா பிறந்தநாளுக்குப் போயிருந்தான். நான்தான் போகச் சொன்னேன். ராட்னி நீமி.'

"மணி என்ன?"

"நாலாக ஆறு நிமிஷம்."

உறுதி செய் என்பதை அழுத்தினார். சிவப்பு வரி பச்சையானது. நூற்று அறுபத்து நான்கும் பச்சை. கேரின் பதினோரு நாளாகக் காத்திருந்த பச்சை. பார்க்கச் சகிக்கவில்லை.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"திங்கட்கிழமை காலைல ஆறு மணிலேர்ந்து எல்லாருக்கும். டெஸ்பாட்சுக்கும்."

"அப்ப இன்னிக்கே" என்று எழுந்தார். "எனக்கு ஒரு காகிதத்துல எடுத்துக் குடு. வாயால சொல்ல வருமான்னு தெரியலை."

*

கேன்டீனின் கண்ணாடிக் கதவிலிருந்து பார்த்தால் டெஸ்பாட்ச் அறையின் கவுண்டர் நேராகத் தெரியும். கேட்காது. பிரஸ் சத்தம் எல்லாவற்றையும் தின்றுவிடும்.

கிறிஸ்டா கோட்டு போட்டுக்கொண்டிருந்தாள். மாமனாரைப் பார்த்ததும் ஏதோ கிண்டலாகச் சொன்னாள். மானைப் பற்றியோ பல்லைப் பற்றியோ. சிரித்தாள். காகிதத்தை நீட்டுவார் என்று கேரின் நினைத்தாள். அவர் அதை மடித்துப் பைக்குள் போட்டார்.

பிறகு தொப்பியைக் கழற்றினார்.

வெயில் படாத நெற்றி வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. மிச்சமிருந்த நரைமுடி ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கவுண்டரின்மேல், தன் பக்கம் பின்புறமும் அவள் பக்கம் ஓட்டையுமாக வைத்தார். பேசினார். வாயால்தான் பேசினார். அதிகம் போனால் ஒரு நிமிஷம்.

கிறிஸ்டாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. எதற்குச் சிரித்தோம் என்பது மட்டும் மறந்துபோன மாதிரி.

அவள் கத்தவில்லை. அடிக்கவில்லை. கையை நீட்டித் தொப்பியைத் தொட்டாள். மெல்லத் திருப்பினாள், ஓட்டை அவளுக்கு எதிர்ப்பக்கம் போக, ட்ராய் உலகத்தைப் பார்த்த பக்கமாக. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலு மணிச் சங்கு ஊதியது.

கேரின் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பிரஸ்ஸைச் சுற்றி, பெயின்ட் அறையைத் தாண்டி அவள் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரில் தொப்பி இல்லை. கிறிஸ்டாவும் இல்லை. வெளிக்கதவு திறந்து கிடந்தது. வாசலில், விழுகிற பனியில், வெறுந்தலையோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். முடியில் பனி தங்கியிருந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை அவருக்கு.

"என்ன சொன்னா?"

"தொப்பியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா."

"எங்கப்பா அவ?"

கேட்டிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் ஊர், வீடு, நோராவின் பள்ளிக்கூடம். இடப்பக்கம் மலைச்சாலை. புதுப் பனியில் ஒரே ஒரு காரின் சக்கரத் தடம்தான் இருந்தது. அது இடப்பக்கம் போயிருந்தது.

கேரின் சாவியையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது மணி நாலேகால். கோட்டுப்பையில் போன் அடித்தது. பள்ளிக்கூடத்து எண். எடுத்தாள். டீச்சர் குரல் இல்லை.

"அத்தை, எல்லாரும் போயிட்டாங்க. நான் ரெண்டு தடவை பாத்துட்டேன். அம்மா கார் வரலை."